செய்தித்தாள் எண்களை வைத்துக் கணக்குப் பழகுவது எப்படி? ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

மண்டபம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் சிலர் சேர்ந்து படிக்கிறோம். குரூப் 4 எழுதுகிறவர்கள் பாதி, பிளஸ் டூ பிள்ளைகள் பாதி. புத்தகத்தில் இருக்கும் சதவீதக் கணக்கை இவர்கள் நன்றாகவே போடுவார்கள். அதே சதவீதம் செய்தியில் வந்தால் கை நின்றுவிடுகிறது. எதை எதால் வகுக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லிவிடும், செய்தி சொல்லாது. அதை நாமே கண்டுபிடிக்கப் பழகுவதற்கான வரிசையைக் கீழே தந்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஏன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மாவட்டச் செய்தி வரும் நாளிதழ் ஒன்று, ஒரு நோட்டு, பென்சில், அளவு டேப். செல்போனில் இருக்கும் கால்குலேட்டரும் வேண்டும். ஆனால் ஐந்தாம் படிக்கு வரும்வரை அதைத் தொடக்கூடாது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் முதலில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

1 செ.மீ. மழை என்றால் 1 சதுர மீட்டர் இடத்தில் 10 லிட்டர் தண்ணீர்.
1 சதுர மீட்டர் = சுமார் 10.76 சதுர அடி.
1 ஏக்கர் = 100 சென்ட் = சுமார் 4,047 சதுர மீட்டர்.
1 கடல்மைல் = 1.852 கி.மீ.
1 கோடி = 100 லட்சம்.
ராமநாதபுரம் மாவட்ட மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 13.5 லட்சம்.

இதற்குக் கீழே உங்கள் வீட்டு எண்களை எழுத வேண்டும். மொட்டை மாடியின் நீளம், அகலம். வீட்டுக் குடம் எத்தனை லிட்டர் பிடிக்கும். இரண்டு மாத கரண்ட் பில்லில் எத்தனை யூனிட். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் எத்தனை மீட்டர். இவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது, நீங்களே அளக்க வேண்டும்.

பெரிய எண் ஒன்று வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க, கைக்குத் தெரிந்த எண் ஒன்று வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும். எங்கள் திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்து, லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். பத்து என்றார்கள் சிலர், இருபது என்றார்கள் சிலர். பதினைந்தாவது பாட்டிலில் கழுத்துக்கு வந்து தளும்பியது. அன்றிலிருந்து “ஒரு குடம்” எங்களுக்கு ஓர் அலகாகிவிட்டது.

2. எந்தச் செய்தியை எடுப்பது

நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றிய செய்தியை எடுங்கள். மழை, தடைக்காலம், பாலம், மிளகாய் விலை, கரண்ட், பஸ் கட்டணம். ஒரு நாளைக்கு ஒரு செய்தி, அதில் ஒரே ஓர் எண். அது போதும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பட்ஜெட்டில் தொடங்குகிறார்கள். லட்சம் கோடி என்று வந்ததும் மூன்றாம் நாளே நோட்டு மூடப்படுகிறது. அந்த எண்ணை அவர்கள் எங்கும் பார்த்ததில்லை, அதனால் தப்பாகப் போட்டாலும் தப்பு என்று உறைப்பதில்லை. குண்டு மிளகாய் கிலோ என்ன விலை என்று வீட்டில் கேட்டாலே தெரியும். குவிண்டால் விலையை நூறால் வகுக்காமல் ஆயிரத்தால் வகுத்துவிட்டால் அம்மாவே பிடித்துவிடுவார். ஆரம்பத்தில் அப்படித் தப்பு உடனே பிடிபடுகிற செய்திகளே வேண்டும். பட்ஜெட்டுக்கு மூன்று மாதம் கழித்துப் போகலாம்.

3. எண்ணை எழுதும்போதே நான்கு கேள்வி

எண்ணைத் தனியாக எழுதாதீர்கள். அதோடு நான்கு பதில்களையும் எழுதுங்கள்: எதை அளந்தது? எங்கே? எவ்வளவு நேரத்தில்? எந்த அலகில்? செய்தியில் பதில் இல்லையென்றால் அந்த இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறியும் நோட்டில் இருக்கட்டும்.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் பத்து மணி நேரத்தில் 41 செ.மீ. மழை. அதே நாள் பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 செ.மீ. எங்கு மழை கடுமை என்று கேட்டால் எல்லோரும் ராமேஸ்வரம் என்பார்கள். நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் மணிக்குச் சராசரியாக 4.1 செ.மீ., பாம்பனில் அந்த மூன்று மணி நேரத்தில் மணிக்கு 6.3 செ.மீ. மொத்தத்தில் ராமேஸ்வரம் அதிகம், வேகத்தில் அந்த நேரத்துப் பாம்பன் அதிகம். “எவ்வளவு நேரத்தில்” என்ற கேள்வியை விட்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

அன்று மேகவெடிப்பு என்ற சொல்லும் செய்திகளில் அடிபட்டது. மணிக்கு 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் வானிலைத் துறை அதை மேகவெடிப்பு என்கிறது. அப்படியானால் 6.3 என்பது அதை மறுத்துவிடுகிறதா? இல்லை. ஒரு மணி நேரத்தில் 12, அடுத்த இரண்டில் 4, 3 என்று பெய்திருந்தாலும் மொத்தம் 19தான், சராசரி 6.3தான். சராசரியை வைத்து ஒரு தனி மணி நேரத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்தை ஆற அமர யோசியுங்கள். தேர்வுக் கேள்விகளிலும் இது மாறுவேடம் போட்டு வந்துகொண்டே இருக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. ஒன்று, இடத்தைப் பெரிதாக்குவது. “ராமநாதபுரம் மாவட்டத்தில் 41 செ.மீ.” என்று எழுதிவிடுவார்கள். அது ஒரே ஒரு மழைமானியின் அளவு. மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 82 செ.மீ., எனவே “ஒரே நாளில் பாதி ஆண்டு மழை” என்று சொல்லத் தோன்றும். ஒப்பிட்டு வியப்பது தப்பில்லை. ஒன்று ஓர் ஊரின் அளவு, மற்றது மாவட்டச் சராசரி என்பதைப் பக்கத்தில் எழுதிவிட்டு வியக்க வேண்டும்.

இரண்டு, ஒரே மழைக்கு இரண்டு நாளிதழில் இரண்டு எண் வந்தால் ஒன்று பொய் என்று முடிவு கட்டுவது. வானிலைத் துறையின் ஒரு நாள் மழை என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. மாலையில் எடுத்த கணக்கும் மறுநாள் காலையில் எடுத்த கணக்கும் வேறுபடத்தான் செய்யும்.

மூன்று, அலகின் உள்ளே ஒளிந்திருப்பதைப் பார்க்காமல் விடுவது. கடல்பாசி இத்தனை டன் என்று செய்தி வந்தால், ஈரப்பாசியா காய்ந்த பாசியா? பாசி வளர்க்கும் பெண்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: பத்து கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் மிஞ்சும். இரண்டுமே டன்தான், நடுவில் பத்து மடங்கு வித்தியாசம்.

4. கணக்குப் போடும் முன் ஊகத்தை எழுதுவது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

கேள்வி இது: அந்த 41 செ.மீ. மழையில் 600 சதுர அடி மொட்டை மாடியில் எத்தனை குடம் தண்ணீர் விழுந்திருக்கும்? கால்குலேட்டரை எடுக்கும் முன் ஒவ்வொருவரும் ஓர் எண் எழுத வேண்டும். ஒரு பெண் தயங்கித் தயங்கி, “ஒரு இருநூறு குடம் இருக்குமா அண்ணே?” என்றார். அவர் வீட்டில் தினம் எட்டுக் குடம் பிடிக்கிறார்கள். இருநூறு என்பது அவருக்கு மிகப் பெரிய எண்.

ஊகம் சரியாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஊகம் இல்லாமல் கணக்குப் போட்டால் விடை எதுவாக வந்தாலும் மனசு ஒப்புக்கொள்ளும். ஊகத்தை எழுதி வைத்திருந்தால், விடை வேறாக வரும்போது “ஏன்?” என்று நின்று பார்ப்போம். அப்படி நின்று பார்ப்பதுதான் இங்கே பழகவேண்டிய விஷயம். ஊகத்தைப் பின்னால் அழித்துத் திருத்தாதீர்கள். பேனாவால் எழுதுவது நல்லது.

5. அலகை மாற்றி, இரண்டு வழியில் போடுவது

600 சதுர அடியை 10.76 ஆல் வகுத்தால் சுமார் 56 சதுர மீட்டர். 41 செ.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 410 லிட்டர். 56 × 410 = 22,960 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் சுமார் 1,530 குடம்.

இருநூறு எழுதிய அந்தப் பெண் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவரே கணக்குப் போட்டார்: தினம் எட்டுக் குடம் என்றால் 191 நாளைக்கு வரும். ஆறு மாதத் தண்ணீர் ஒரே பகலில் மாடியில் விழுந்து, தெருவில் ஓடிக் கடலுக்குப் போயிருக்கிறது. குடிதண்ணீருக்குக் குடத்தோடு காத்து நிற்கும் ஊரில் அந்த எண் யாரையும் சும்மா இருக்க விடாது. எனக்கும் அன்று இரவு அதே நினைப்புதான்.

சரி, விடை சரியா என்று எப்படித் தெரியும்? இன்னொரு வழியில் போட வேண்டும். மாடியைச் சுற்றி அடைத்துவிட்டால் தண்ணீர் கிட்டத்தட்ட முழங்கால் அளவு நிற்கும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தில் முழங்கால் தண்ணீர் 410 லிட்டர், அதாவது 27 குடம். அப்படி 56 சதுரம். 56 × 27 = 1,512. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, அதனால் நம்பலாம்.

இங்கே எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பது நினைவிருக்கும், அதனாலேயே சதுர அடியையும் 3.28 ஆல் வகுத்துவிடுவார்கள். 183 சதுர மீட்டர் என்று வரும், குடம் ஐயாயிரத்தைத் தொடும். நீளத்துக்கு ஒரு தடவை வகுத்தால் பரப்புக்கு இரண்டு தடவை வகுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தரையில் சாக்பீஸால் ஒரு சதுர மீட்டர் வரைந்து, அதற்குள் எத்தனை சதுர அடி அடங்குகிறது என்று பாருங்கள். பத்துக்கு மேல் வரும்.

6. நாளுக்கும் ஆளுக்கும் வகுத்துப் பார்ப்பது

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எத்தனை நாள்? உடனே 60 என்று பதில் வரும். ஏப்ரலில் 30லிருந்து 15ஐக் கழித்து 15 என்று எடுப்பதால் வரும் பிழை. 15ஆம் தேதியும் தடை நாள்தான், எனவே ஏப்ரலில் 16 நாள். மே 31, ஜூன் 14. மொத்தம் 61. “முதல் தேதியும் கணக்கில் உண்டா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். 8,000 என்ற எண் தனியாக நின்றால் பெரிதா சிறிதா என்று தெரியாது. 61 ஆல் வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 131 ரூபாய். நான்கு பேர் வீடு என்றால் ஆளுக்கு 33 ரூபாய்.

இப்போது பக்கத்தில் வைக்க ஒரு தெரிந்த எண். நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். நிவாரணம் அதில் ஐந்தில் இரண்டு பங்கு வருகிறது. இங்கே அவசரப்படக் கூடாது. நிவாரணம் கூலி அல்ல, தடைக்காலத்தில் வேறு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அதனால் “போதும்” என்றோ “போதாது” என்றோ இந்த வகுத்தல் மட்டும் சொல்லிவிடாது. ஆனால் படகு கரையேறி நிற்கும் வீட்டில் 131 ரூபாயை வைத்து என்ன வாங்குவார்கள் என்று இனிமேல் பேச முடியும். 8,000 என்று மட்டும் இருந்தபோது அந்தப் பேச்சே எழவில்லை.

7. சதவீதம் என்றால் “எதில்?” என்று கேட்பது

5,000 எட்டாயிரம் ஆனால் உயர்வு 60 சதவீதம். எட்டாயிரத்திலிருந்து திரும்ப 5,000க்கு இறங்கினால் குறைவு 60 அல்ல, 37.5 சதவீதம். இரண்டிலும் வித்தியாசம் அதே 3,000தான். வகுக்கும் எண் மாறிவிட்டது. எது முதலில் இருந்ததோ அதனால் வகுக்க வேண்டும். புத்தகக் கணக்கில் இது சரியாக வருகிறவர்களுக்கும் செய்தியில் தடுமாறக் காரணம், செய்தி சில சமயம் புதிய எண்ணை முதலிலும் பழைய எண்ணைக் கடைசியிலும் சொல்லும்.

சிறிய எண்ணின் மேல் வரும் சதவீதத்தை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். போன மாதம் ஒரு படகு பிடிபட்டது, இந்த மாதம் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். “100 சதவீத உயர்வு” என்பது கணக்குப்படி சரி. ஆனால் படிக்கிறவருக்கு ஒன்று, இரண்டு என்ற எண்கள் தெரிந்தாக வேண்டும். இன்னொன்று, ஆட்களை எண்ணுகிறார்களா, படகுகளை எண்ணுகிறார்களா என்பதையும் பாருங்கள். ஒரு விசைப்படகில் பல பேர் போவார்கள். படகுகள் குறைந்து ஆட்கள் கூடியிருக்கவும் முடியும்.

8. வேகத்தையும் நேரத்தையும் சரிபார்ப்பது

2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலத்தின் நீளம் சுமார் 2.08 கி.மீ. பழைய பாலத்தில் ரயில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும். புதியதில் 75 கி.மீ. வரை அனுமதி, நடுவில் தூக்கும் பகுதியில் மட்டும் 50. முன்பு 25 முதல் 30 நிமிடம், இனி ஐந்து நிமிடத்துக்குள் என்று பல செய்திகளில் வந்தது.

போட்டுப் பாருங்கள். 2.08 கி.மீ. தூரத்தை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் கடக்க பன்னிரண்டரை நிமிடம். 75 கி.மீ. வேகத்தில் 100 விநாடி. செய்தி சொன்னதில் பாதிகூட வரவில்லை. யார் தப்பு?

ரயிலுக்கும் நீளம் உண்டு என்பதை மறந்துவிட்டோம். எஞ்சின் பாலத்தில் ஏறியதிலிருந்து கடைசிப் பெட்டி இறங்கும் வரை கணக்கு வேண்டும். அரை கிலோமீட்டர் ரயில் என்றால் மொத்தம் 2.58 கி.மீ., பழைய வேகத்தில் பதினைந்தரை நிமிடம். இன்னும் இடைவெளி இருக்கிறது. அப்படியானால் அந்த 25 நிமிடம் எங்கிருந்து எங்கே? மண்டபத்தில் வேகம் குறைத்து, சிக்னலுக்கு நின்று, பாம்பன் ஸ்டேஷன் போய்ச் சேரும் வரையா? செய்தியில் அது இல்லை, நோட்டில் கேள்விக்குறி போடுகிறோம். அடுத்த முறை ரயிலில் போகும்போது கையில் வாட்ச் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். இப்படிப் பாதியில் நிற்கும் கணக்கைத் தோல்வி என்று நினைத்து அடித்துவிடாதீர்கள். என் நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவைதான்.

9. மெகாவாட்டும் யூனிட்டும் ஒன்றல்ல

கமுதியில் 2016இல் வந்த சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். இதை 24 மணி நேரத்தால் பெருக்கி, நாளுக்கு 1 கோடியே 55 லட்சம் யூனிட் என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. மெகாவாட் என்பது அதிகபட்சமாக எவ்வளவு வேகத்தில் தர முடியும் என்பது. யூனிட் என்பது உண்மையில் எவ்வளவு தந்தது என்பது; ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மோட்டார் பம்பின் குதிரைத்திறனும் தொட்டியில் விழுந்த தண்ணீரும் போல.

இரவில் வெயில் இல்லை, காலையும் மாலையும் அரைகுறை. நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு நாளை முழுத்திறனில் நாலரை மணி நேரம் என்று தோராயமாக எடுக்கலாம். 6,48,000 கிலோவாட் × 4.5 = சுமார் 29 லட்சம் யூனிட்.

ஒன்றரை லட்சம் வீடுகளுக்குப் போதும் என்று அப்போது எழுதினார்கள். 29 லட்சத்தை ஒன்றரை லட்சத்தால் வகுத்தால் வீட்டுக்கு நாளுக்கு 19 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்துக்கு 1,160 யூனிட். இப்போது கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்த உங்கள் வீட்டு யூனிட்டைப் பாருங்கள். எந்த மாதிரி வீட்டைக் கணக்கில் வைத்து அந்த ஒன்றரை லட்சம் வந்தது என்ற கேள்வி தானாக வரும்.

10. நான்கு வரி எழுதி, வீட்டில் படித்துக் காட்டுவது

கடைசியாக நான்கு வரி. செய்தி சொன்ன எண், என் ஊகம், என் கணக்கு, இன்னும் தெரியாதது. எழுதியதைக் கணக்குப் படிக்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் “அப்படின்னா?” என்று எங்கே கேட்கிறாரோ அங்கே உங்களுக்கே சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். அந்த வரியை மட்டும் திருப்பி எழுதுங்கள்.

மொத்தம் நாளுக்கு இருபது நிமிடம் போதும். குரூப் 4இல் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கேள்விகள். செய்திக் கணக்கு மட்டும் செய்தால் அந்த 25க்கு வேண்டிய வேகம் வராது, எனவே வாரத்தில் நான்கு நாள் செய்தி, இரண்டு நாள் பழைய வினாத்தாள் என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துக் கேள்விக்குறிகளை மட்டும் எடுத்து, எதற்காவது பதில் கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நாளை தொடங்குவதற்கு ஒரு கணக்கு: 2.08 கி.மீ. பாம்பன் பாலத்தில் தூக்கும் பகுதி 72.5 மீட்டர். முழுப் பாலத்தில் அது எத்தனை சதவீதம்? முதலில் ஊகத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.